நகையை விற்று வாங்கும் மீன் வண்டி



காத்தான்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் வியாபாரம் செய்பவர். இப்போது ஒரு சிறிய லொறி வாங்கி, அதன்மேல் குளிர்ப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, பதுளைக்கும் கொழும்புக்கும் மீன் கொண்டுபோக நினைக்கிறார். அதற்கான பணத்தில் பெரும்பகுதி இவரது நகை. பெட்டி செய்பவர்கள் மூன்று விதமாகச் சொல்கிறார்களாம். ஒருவர், "சுவர் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது" என்கிறார். இன்னொருவர், "பலமாக இருக்க வேண்டும், இரு பக்கமும் பலகை அடிப்போம்" என்கிறார். மூன்றாமவர், "யாரோ பாவித்த பெட்டி இருக்கிறது, பாதி விலைக்குத் தரலாம்" என்கிறார். கடைசியில் சகோதரி கேட்கும் கேள்வி இது: "எனக்கு லொறியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் போவது என் நகை. நான் எதைக் கேட்க வேண்டும்?"

நல்ல கேள்வி. கல்முனை வீதியில் குருக்கள்மடம், செட்டிபாளையம், தேற்றாத்தீவு, களுதாவளை என்று போகும்போது ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கடலில் கரைவலையும் தோணியும். வாவியில் இறாலும் நண்டும். பிடிப்பவர்கள் அந்த ஊர்த் தமிழ்ச் சகோதரர்கள். கரையில் நின்று வாங்குபவர்களில் நம்மவர்கள் பலர். இந்தக் கொடுக்கல் வாங்கலில் இரண்டு சமூகத்து அடுப்பும் எரிகிறது. பெட்டி பிழைத்தால் நட்டம் ஒரு வீட்டோடு நிற்காது. கரையில் கடன் சொல்லி வாங்கிய மீனுக்குப் பணம் கொடுக்க முடியாமல் போகும்; தோணிக்காரர் வீட்டிலும் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கப் பணம் இருக்காது. ஆகவே கொஞ்சம் பொறுமையாக, கணக்கோடு பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இயந்திரம் இல்லாத குளிர்ப்பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. குளிரைத் தருவது ஐஸ். வெளிச் சூட்டை உள்ளே வரவிடாமல் தடுப்பது மட்டுமே பெட்டியின் வேலை. நம் உம்மாமார் சோற்றுப் பானையைச் சாக்குத் துணியால் சுற்றி வைப்பார்களே, அதே வேலைதான். அங்கே சூடு வெளியே போகாமல் துணி காக்கிறது. இங்கே சூடு உள்ளே வராமல் பெட்டி காக்கிறது.

இது புதிய வித்தையும் அல்ல. 1833 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகர வியாபாரி பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் வெட்டிய ஐஸை ஒரு பாய்க்கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். பயணம் நான்கு மாதம். ஏற்றியது 180 தொன். வந்து சேர்ந்தது ஏறத்தாழ 100 தொன். வெப்பமான கடல்களைத் தாண்டி வந்தும் பாதிக்கு மேல் மிஞ்சியது என்றால், அதைக் காத்தது மரத்தூள்தான். அந்த ஐஸை வைத்திருக்க 1842 இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் கட்டடம் இன்றும் நிற்கிறது. இப்போது அது விவேகானந்தர் இல்லம். மரத்தூளுக்குள் அடைபட்ட காற்று செய்த வேலையை இன்று ரெஜிபோம் செய்கிறது.

மீனுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? ஐஸில் கிடக்கும் மீன், அதாவது பூச்சியம் பாகையில் இருக்கும் மீன், ஒரு நாளில் கெடும் அளவை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பாகையில் அது நான்கு மடங்கு வேகமாகக் கெடும். இருபது பாகையில் ஒன்பது மடங்கு. நமது ஊர்ப் பகல் வெப்பமான முப்பது பாகையில் பதினாறு மடங்கு. ஐஸில் ஒரு முழு நாள் கிடந்து இழக்கும் பதத்தை, வெயிலில் ஒன்றரை மணித்தியாலத்தில் மீன் இழந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும் போன பதம் திரும்பாது.

சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சூட்டில் கிடந்தால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். அதை உண்டவர்களுக்குச் சிறிது நேரத்திலேயே முகம் சிவக்கும், உடல் கடிக்கும், தலை இடிக்கும், வாந்தியும் வரும். எத்தனை தரம் கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும் அது அழியாது. "நல்லாப் பொரிச்சாச் சரி" என்று நினைத்து இப்படியான மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாயில் வைத்ததும் மிளகு போலக் காந்தினால் துப்பிவிடுங்கள். ஆனால் காந்தவில்லை என்பதற்காக நல்லது என்றும் முடிவு செய்ய முடியாது.

இனி நிறுக்க வேண்டியவை மூன்று: சூடு தடுப்பது, கனம், செலவு. மூன்றையும் ஒரே தராசில் வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்தால் மற்ற இரண்டும் ஏமாற்றிவிடும்.

சூடு தடுப்பது

ஒரு கணக்குப் போடுவோம். நம் ஊரில் டிமோ பட்டா என்று சொல்லும் சிறு லொறியின் முதுகில் ஏறக்கூடிய பெட்டி. நீளம் ஏழடி, அகலம் நாலரை அடி, உயரம் நாலடி. ஆறு பக்கத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 150 சதுர அடி. உள்ளே ஐஸ், வெளியே முப்பது பாகை. ரெஜிபோம் ஓர் அங்குலத் தடிப்பு என்றால், சுவரால் வரும் சூட்டுக்கு மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 150 கிலோ ஐஸ் கரையும். இரண்டு அங்குலம் என்றால் 75 கிலோ. மூன்று அங்குலம் என்றால் 50. நான்கு அங்குலம் என்றால் 38. இது கடதாசிக் கணக்கு. கூரையில் வெயில் பட்டாலும், கதவைத் திறந்து மூடினாலும் இன்னும் கூடும்.

இந்த எண்களைக் கவனியுங்கள், சகோதரிகளே. இரண்டாவது அங்குலம் ஒரு நாளைக்கு 75 கிலோ ஐஸை மிச்சப்படுத்துகிறது. மூன்றாவது அங்குலம் 25 கிலோ. நான்காவது அங்குலம் 12 கிலோ. எட்டு மணித்தியால இரவுப் பயணத்துக்கு அந்த நான்காவது அங்குலத்தின் இலாபம் நான்கு கிலோ ஐஸ் மட்டுமே. ஆனால் அதற்கும் பணம் கொடுக்க வேண்டும். பெட்டியின் உள்ளிடமும் எல்லாப் பக்கமும் குறையும். "எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது" என்பது பேச்சுக்கு அழகு, கணக்கில் நிற்காது. ஓர் அங்குலம் போதாது. இரண்டு அவசியம். மூன்று தூரப் பயணத்துக்கு நல்லது. நான்கு, மீனை இரண்டு மூன்று நாள் பெட்டியிலேயே வைத்திருப்பவருக்கு.

பொலியுரித்தேன் என்ற போமும் உண்டு. திரவமாக ஊற்றினால் பொங்கி இடுக்குகளை எல்லாம் அடைத்துக்கொள்ளும். அதில் இரண்டு அங்குலம், ரெஜிபோமில் மூன்று அங்குலத்துக்குச் சமமாகச் சூட்டைத் தடுக்கும். விலை கூட. இடம் நெருக்கமான பெட்டிக்கு அது பொருந்தும்.

தடிப்பைவிடப் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. பெட்டியின் சட்டம் இரும்பாக இருந்து, அந்த இரும்பு வெளித் தகட்டையும் உள் தகட்டையும் தொட்டுக்கொண்டிருந்தால், போட்ட போமில் ஒரு பகுதி வீண். இரும்பு சூட்டைக் கடத்துவது ரெஜிபோமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். மரம் ஏறத்தாழ நான்கு மடங்குதான். ஆகவே இரண்டு தோலுக்கும் நடுவே மரச் சட்டம் இருக்கட்டும். நீளமான இரும்பு ஆணி ஊடுருவாமல் இருக்கட்டும். கதவின் ஓரத்து இறப்பர் நன்றாக அழுந்த வேண்டும். மூடிய கதவின் இடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். இலகுவாக வந்தால் காற்றும் அப்படித்தான் போய்வரும்.

கனம்

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தடிப்பான போம் கனமாக இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. மேலே சொன்ன பெட்டிக்கு இரண்டு அங்குல ரெஜிபோம் முழுவதும் ஏறத்தாழ பதினைந்து கிலோதான். நான்கு அங்குலமே முப்பது கிலோ. கனம் போமில் இல்லை, அதன் இரு பக்கத்துத் தோலில் இருக்கிறது. அரை அங்குலப் பலகையை உள்ளும் புறமும் அடித்தால் பலகை மட்டும் இருநூறு கிலோவைத் தாண்டும். சட்டமும் சேர்ந்தால் பெட்டி 270 கிலோ. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பைபர், நடுவே மரச் சட்டம் என்று செய்தால் அதே அளவுப் பெட்டி 165 கிலோவுக்குள் முடியும்.

நூறு கிலோ வித்தியாசம். அது என்ன செய்யும்? அப்படிப்பட்ட சிறு லொறி ஏற்றக்கூடியது முக்கால் தொன், 750 கிலோ அளவு. சாரதியும் உதவியாளரும் 140 கிலோ என்று வைப்போம். கனப் பெட்டி என்றால் மீனுக்கும் ஐஸுக்கும் மிஞ்சுவது 340 கிலோ. நமது சூட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நல்ல கணக்கு. அப்படியானால் மீன் 170 கிலோ. இலேசான பெட்டி என்றால் மிஞ்சுவது 445 கிலோ; மீன் 220 கிலோவுக்கு மேல். ஒவ்வொரு பயணத்திலும் ஐம்பது கிலோ மீன் வித்தியாசம். அதே டீசல், அதே சாரதி, அதே இரவு விழிப்பு.

"கொஞ்சம் கூட ஏற்றினால் லொறி என்ன உடைந்தா போகும்?" என்பார்கள். செங்கலடியிலிருந்து மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளை மலைக்கு ஏறி இறங்கும் வீதியை நினைத்துப் பாருங்கள். சுமை கூடிய வண்டி ஏறும்போது டீசலைக் குடிக்கும்; இறங்கும்போது பிரேக்கைச் சூடாக்கும். உயரமான பெட்டி வளைவில் சரியும். அந்த வண்டிக்குள் இருப்பவர் உங்கள் பிள்ளைகளின் வாப்பா. மீனைவிட அவர் பெறுமதியானவர்.

இன்னொரு சோதனையும் வரும். சுமை கூடிவிட்டது, எதையாவது குறைக்க வேண்டும் என்றால் வியாபாரியின் கை முதலில் எதைக் குறைக்கும்? மீனை அல்ல. மீன் காசு, ஐஸ் கரைந்து தண்ணீராகப் போவதுதானே என்று மனம் சொல்லும். ஐஸ் குறையும். நூறு கிலோ மீனை முப்பது பாகையிலிருந்து பூச்சியத்துக்கு இறக்குவதற்கு மட்டுமே முப்பது கிலோவுக்கு மேல் ஐஸ் கரைய வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவரால் வரும் சூட்டுக்கும், கதவால் வரும் காற்றுக்கும், வழியில் நிற்கும் தாமதத்துக்கும். அந்த மிச்சத்தில் கை வைத்தால் மீன் விடியற்காலை சந்தையில் கண் மங்கி, செவுள் கறுத்துக் கிடக்கும். ஆகவே பெட்டியின் வீண் கனம் கடைசியில் ஐஸைத் தின்கிறது. ஐஸ் குறைவு மீனைத் தின்கிறது. அதைக் கழுவி, புது ஐஸ் தூவி, இன்று பிடித்தது என்று விற்பது மோசடி. ஈரத் தானியத்தை உள்ளே மறைத்து விற்றவரை நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கண்டித்த செய்தி நாம் எல்லோரும் அறிந்ததே.

உயரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிறு லொறிக்கு நாலடி உயரம் தேவையே இல்லை. 400 கிலோ மீனும் ஐஸும் பெட்டியின் அரைவாசிக்கும் குறைவான இடத்தில் அடங்கிவிடும். மீதி வெறும் காற்று. மூன்றடியாகக் குறைத்தால் சுவரும் குறையும். கனமும் கரையும் ஐஸும் ஏழில் ஒரு பங்கு குறையும். பெரிய பெட்டி பெரிய வியாபாரம் போலத் தெரியும், அவ்வளவுதான்.

இதே மூன்று கணக்கோடு வேறொரு நாட்டிலும் மனிதர்கள் தலையைச் சொறிகிறார்கள். அமெரிக்காவில் பிக்அப் வண்டியின் முதுகில் ஒரு சிறிய அறையையே ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள். அங்கே தடுக்க வேண்டியது குளிர், நமக்குச் சூடு. மற்றபடி கேள்வி ஒன்றுதான். சுவர் மெல்லிது என்றால் இரவில் நடுங்க வேண்டும். அறை கனமானால் வண்டி தாங்காது. இரண்டும் சரியாக இருந்தால் விலை எட்டாது. அவர்களுக்கும் அலுமினியச் சட்டம் இலேசு, ஆனால் குளிரைக் கடத்தும். மரச் சட்டம் குளிரைத் தடுக்கும், ஆனால் தண்ணீர் புகுந்தால் உக்கிவிடும். வாங்குபவர் வண்டியின் கதவில் எழுதியுள்ள சுமை அளவிலிருந்து ஆட்கள், தண்ணீர், சாமான் எல்லாவற்றையும் கழித்து, மிஞ்சும் கனத்துக்குள் அடங்கும் அறையையே தேட வேண்டும். உல்லாசப் பயணத்துக்கே இவ்வளவு கணக்கு என்றால், பிள்ளைகளின் சோற்றுக்குப் போகும் வண்டிக்கு எவ்வளவு வேண்டும்!

தண்ணீர் என்றதும் பாதி விலைப் பெட்டியின் கதைக்கு வருவோம். பாவித்த பெட்டியில் பார்க்க வேண்டியது நிறமும் பூட்டும் அல்ல, உள்தோல். ஆணித் துளை, வெடிப்பு, மூலை இடுக்கு வழியாக ஐஸ் தண்ணீர் போமுக்குள் ஊறியிருந்தால் இரண்டு கேடு. ஈரமான போம் சூட்டைத் தடுக்காது. அதோடு கனமும் ஏறும். நாம் சொன்ன பெட்டியில் போம் இருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் நின்றாலே எழுபது கிலோ. பாதி விலைக்கு வாங்கி, ஒவ்வொரு பயணத்திலும் எழுபது கிலோ பழைய தண்ணீரைக் கொழும்புக்கும் திருப்பியும் ஏற்றியிறக்க நேரும். வாடையும் போகாது.

செலவு

பெட்டியின் விலை ஒரு தடவை கொடுப்பது. ஐஸ் ஒவ்வொரு பயணத்துக்கும் வாங்குவது. ஏற்ற முடியாமல் கரையில் விட்ட மீன் ஒவ்வொரு பயணத்திலும் இழப்பது. இந்த மூன்றையும் கூட்டினால்தான் உண்மையான செலவு. வாரம் மூன்று பயணம், வருடத்தில் முப்பத்தைந்து வாரம் என்றால், ஐம்பது கிலோ வித்தியாசம் ஐயாயிரம் கிலோவைத் தாண்டும். இலேசான பெட்டிக்குக் கூடுதலாகக் கேட்கும் பணம் இந்த அளவு மீனின் இலாபத்தைவிடக் குறைவா என்று உங்கள் விலையில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. அவ்வளவு மீன் உங்கள் கணவருக்கு உண்மையில் கிடைக்க வேண்டும். நாளொன்றுக்கு நூறு கிலோ மட்டுமே வாங்கி விற்பவருக்குக் கனப் பெட்டியும் இலேசுப் பெட்டியும் ஒன்றுதான்; அவர் இலேசுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். சென்ற மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு அதிகம் எவ்வளவு, குறைய எவ்வளவு வாங்கினார் என்பதைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். லொறி அந்தக் கொப்பிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், ஆசைக்கு ஏற்றதாக அல்ல.

வருடத்தில் ஏன் முப்பத்தைந்து வாரம் என்றேன்? கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வடகீழ் பருவ மழையோடு நமது கடல் கொந்தளிக்கும். தோணி இறங்காத நாட்கள் பல. கடல் நின்றாலும் தவணை நிற்காது. கடல் நன்றாக இருந்தாலும் சந்தை நிற்கலாம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவி, சந்தையையே மூடினார்கள். நாடு முழுவதும் மீன் வாங்க ஆளில்லாமல் போனது. 2022 இல் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை எந்த வீடு மறந்தது? இப்படியான மூன்று மாதம் வந்தால் வீடு எதில் ஓடும்? அதற்கு ஒரு தொகையை ஒதுக்கிய பிறகு மிஞ்சும் பணத்துக்கே வண்டியும் பெட்டியும். எல்லா நகையையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

எது யாருக்கு?

செட்டிபாளையம் கரையில் வாங்கிக் காத்தான்குடியிலோ ஆரையம்பதியிலோ அன்றே விற்பவருக்கு லொறிப் பெட்டி தேவையில்லை. மூடியுள்ள தனித்தனி ரெஜிபோம் பெட்டிகள், அவற்றைச் சுற்றிப் பலகை, போதிய ஐஸ், மேலே வெள்ளைத் தறப்பாள். பெட்டி உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். முதலும் குறைவு.

பதுளைப் பக்கம் நான்கைந்து மணித்தியாலம் போய், வழியில் ஊர் ஊராக நிறுத்தி விற்பவருக்குக் கனம் முதலாவது. இரண்டு அங்குலம் போதும். மூன்றடிக்கு மேல் உயரம் வேண்டாம். கதவு பின்பக்கம் இருப்பதைவிட மேலே மூடியாக இருப்பது நல்லது. குளிர்ந்த காற்று கனமானது. பின்கதவைத் திறந்தால் தண்ணீர் போலக் கீழே வழிந்து போய்விடும். மேல்மூடியைத் திறந்தால் கிணற்றுத் தண்ணீர் போல உள்ளேயே நிற்கும்.

பொலன்னறுவை, ஹபரணை, குருணாகல் வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பேலியகொடைக்குப் போகிறவருக்கு மூன்று அங்குலம், இலேசான தோல், சீரான பைபர் உள்பக்கம். அப்படியும் சிறு லொறியில் இருநூறு கிலோ மீன் கொண்டுபோய்க் கட்டுமா என்பதை முதலில் கேளுங்கள். பல வியாபாரிகள் சேர்ந்து பெரிய கூலர் லொறியில் அனுப்பி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பது நகையை விற்பதைவிட இலாபமாக இருக்கலாம். வண்டி வாங்காமலே வியாபாரம் வளர்வதும் வளர்ச்சிதான்.

பணம் கொடுக்குமுன்

இரண்டு சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒன்று, பெட்டியோடு வெறும் லொறியை நெல் ஆலையில் உள்ள பெரிய தராசில் நிறுத்துப் பார்ப்பது. சொன்ன கனமும் இருக்கும் கனமும் அங்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனையை உங்கள் வளவிலேயே செய்யலாம். இரவில் பெட்டிக்குள் நூறு கிலோ ஐஸ் போட்டு மூடுங்கள். முதல் இரண்டு மணித்தியாலம் வடியும் தண்ணீரை விட்டுவிடுங்கள். அது பெட்டி தானே குளிர்வதற்குப் போனது. அடுத்த ஆறு மணித்தியாலம் வடிகுழாயின் கீழ் வாளி வைத்து அளந்து பாருங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் என்றால் ஒரு கிலோ ஐஸ் கரைந்திருக்கிறது. நாம் சொன்ன அளவில் இரண்டு அங்குலப் பெட்டி என்றால் இருபது லீற்றருக்குக் கிட்ட இருக்க வேண்டும். இருபத்தைந்து என்றாலும் பரவாயில்லை. நாற்பது வந்தால், போம் ஈரம் அல்லது இடுக்கு அல்லது சொன்ன தடிப்பு இல்லை. விற்பவரின் பேச்சு எப்படியும் இருக்கலாம், வாளி பொய் சொல்லாது. வடிகுழாய் வளைந்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். நேர்க்குழாய் என்றால் அதன் வழியே சூடான காற்று ஏறும்.

நகை யாருடையது?

கடைசியாக, நகை. மஹராகக் கிடைத்ததும், வாப்பா உம்மா உங்களுக்குக் கொடுத்ததும் உங்கள் சொத்து. கணவர் அதில் கை வைக்க உங்கள் மனமொத்த சம்மதம் வேண்டும். மனமொத்துக் கொடுப்பது நன்மை. குடும்பத்துக்குக் கைகொடுத்த பெண்ணுக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஆனால் கொடுக்கும்போதே எதுவாகக் கொடுக்கிறீர்கள் என்பதைப் பேசிக்கொள்ளுங்கள். அன்பளிப்பா, கடனா, வியாபாரத்தில் பங்கா? கடன் என்றால் எத்தனை பவுண், எப்போது திருப்புவது என்று எழுதி, இரண்டு சாட்சி வையுங்கள். பங்கு என்றால் இலாபத்தில் எவ்வளவு, நட்டம் வந்தால் எப்படி என்று எழுதுங்கள். கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதுதான் குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் (2:282). எழுதுவது சந்தேகத்தால் அல்ல. நாளை ஒரு நட்டம் வந்தாலும் கணவன் மனைவிக்குள் வாக்குவாதம் வராமல் இருப்பதற்காக.

அடகு வைத்தால் வட்டி. விற்றால் திரும்ப வாங்கும் நாளில் தங்கத்தின் விலை எங்கே நிற்குமோ தெரியாது. ஆகவே கடனைப் பணமாக எழுதாமல் பவுணாக எழுதிக்கொள்வது உங்களுக்குப் பாதுகாப்பு.

லொறியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று எந்தச் சகோதரியும் ஒதுங்க வேண்டாம். எத்தனை கிலோ ஐஸ் கரையும், வெறும் பெட்டி எத்தனை கிலோ, என் பவுண் எத்தனை மாதத்தில் திரும்பும் என்ற மூன்று கேள்விக்கும் எண்ணோடு பதில் வந்த பிறகு பெட்டியைத் திறந்து நகையை எடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் நகை இன்னும் சில நாள் அங்கேயே இருக்கட்டும். கரையில் மீன் நாளைக்கும் வரும்.

உங்கள் வீட்டார் தேடும் ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரகத் செய்வானாக.

வஸ்ஸலாம்.